அரசகேசரி எழுதாமற்போன வரலாறு

1617ஆம் ஆண்டு நல்லூரில் யாழ்ப்பாண அரசன் எதிர்மன்னசிங்கன் இறந்தபோது அவனுடைய மகன் சிறு குழந்தை. பிள்ளை வளரும்வரை ஆட்சியைக் கவனிக்கும் பொறுப்பு அரச குடும்பத்தவரான அரசகேசரியின் கைக்கு வந்தது. அது நிலைக்கவில்லை. அதே குலத்தில் வந்த சங்கிலி குமாரன் அரசகேசரியையும், முடிக்கு உரிமை கோரக்கூடிய இளவரசர்களையும் கொன்று ஆட்சியைப் பிடித்தான். இரண்டு வருடங்களில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், படையோடு வந்தார்கள். யாழ்ப்பாண இராச்சியம் அத்தோடு முடிந்தது.

கொலையுண்ட அந்த அரசகேசரிதான் காளிதாசனின் இரகுவமிசத்தைத் தமிழில் பாடிய அரசகேசரி என்று கருதும் அறிஞர்கள் உண்டு. நானும் அந்தப் பக்கந்தான். அதற்கான காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

நான் பிறந்தது மாதகலில், வாழ்க்கைப்பட்டது நீர்வேலியில். இரண்டு ஊருக்கும் யாழ்ப்பாண வரலாற்றில் உரிமை இருக்கிறது. யாழ்ப்பாண வைபவமாலை எழுதிய மயில்வாகனப் புலவர் மாதகல் ஆள். நீர்வேலியிலோ ஒரு பிள்ளையாருக்கே அரசகேசரிப் பிள்ளையார் என்று பெயர். பருத்தித்துறை வீதியால் வந்து வாழைத் தோட்டங்களுக்குள் திரும்பினால் கோயிலுக்குப் போய்விடலாம். அரசகேசரி வைத்த கோயில் என்பது ஊர் வழக்கு. திருவிழாவுக்கு வருகிற பிள்ளைகளிடம் “அரசகேசரி ஆர்?” என்று கேட்டால், “பிள்ளையாற்ற பேர்தானே ரீச்சர்” என்பார்கள். பள்ளிக்கூடத்தில் வரலாறும் தமிழும் படிப்பித்த எனக்கு அந்தப் பதில் ஒவ்வொரு முறையும் தைக்கும். ஒரு கவிஞர், ஓர் இளவரசர், ஒரு குழந்தை அரசனின் காவலர், கொலையுண்ட மனிதர். இத்தனையும் மறைந்துபோய்க் கோயிலின் பெயரில் மட்டும் அவர் மிஞ்சியிருக்கிறார்.

முதலில் அவருடைய நூலைச் சொல்ல வேண்டும். இரகுவமிசம் என்பது ஓர் அரச குலத்தின் கதை. திலீபன், இரகு, அயன், தசரதன், இராமன், குசன் என்று தலைமுறை தலைமுறையாக நடந்து போகிற காவியம். காளிதாசன் அதைப் பத்தொன்பது சருக்கங்களில் பாடினார். அரசகேசரி அதை எடுத்து, தமிழ்க் காப்பிய மரபுக்கு ஏற்ப ஆற்றுப்படலம், நாட்டுப்படலம், நகரப்படலம் எல்லாம் சேர்த்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களாக விரித்தார். காளிதாசன் நேரே திலீபனிடம் போகிற இடத்தில் நம்மவர் ஆற்றில் வெள்ளம் வருவதைப் பாடிவிட்டுத்தான் அரசனிடம் வருகிறார். யாழ்ப்பாணக் குடாநாட்டில் வருடம் முழுதும் ஓடுகிற ஆறு ஒன்றும் இல்லை. மாரியில் மட்டும் ஓடுகிற வழுக்கியாறும், மற்றபடி கிணறும் குளமுமே எங்கள் தண்ணீர். கிணற்றை நம்பி வாழ்ந்த நாட்டில் இருந்துகொண்டு ஒருவர் சரயு நதியைப் படலம் படலமாகப் பாடினார் என்பதை நினைக்கும்போது எனக்கு அவர்மேல் தனிப் பிரியம் வருகிறது.

நூல் இலகுவானதல்ல. சொல் கடினம், சிலேடை மிகுதி, ஒரு செய்யுளுக்கே அகராதி இரண்டு முறை புரட்ட வேண்டும். புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையர், தொல்காப்பிய உரைக்கு விளக்கக் குறிப்பு எழுதிப் புகழ் பெற்ற அந்தப் பெரியவர், இரகுவமிசத்தின் ஒரு பகுதிக்கு உரை செய்தார். அவர் உரை செய்த பகுதியைப் படிக்கலாம். மற்றதில் கால் வைத்தால் சறுக்கும். நூலைத் திருவாரூரில் அரங்கேற்றினார் என்பதும் வழிவழிச் செய்தி. நல்லூருக்கும் சோழ நாட்டுக்கும் அந்தக் காலத்தில் இருந்த போக்குவரத்துக்கு அது பொருத்தமான செய்திதான். கடலை ஒரு தடையாக நினைக்கிற பழக்கம் பிறகு வந்தது.

வைபவமாலை அரசகேசரியைப் பரராசசேகரனின் மருகன் என்று சொல்கிறது. சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகள் அரியணைப் பெயராகச் செகராசசேகரன், பரராசசேகரன் என்ற இரண்டையும் மாறி மாறிச் சூடினார்கள். தகப்பன் செகராசசேகரன் என்றால் அடுத்து வருபவன் பரராசசேகரன். ஆகவே பரராசசேகரன் என்றால் எந்தப் பரராசசேகரன்? 1478 வாக்கில் அரசேறிய புகழ்பெற்ற பரராசசேகரன் ஒருவன் இருக்கிறான். நல்லூரில் யமுனா ஏரி வெட்டுவித்தவன் என்றும், புலவர்களைக் கூட்டிச் சங்கம் வைத்தவன் என்றும் பேசப்படுபவன். நூறு வருடத்துக்கு மேல் கழித்து வந்த எதிர்மன்னசிங்கனுக்கும் அரியணைப் பெயர் பரராசசேகரனே.

வைபவமாலையைப் படித்தால் ஒரு பரராசசேகரன், அவனுக்குப் பிறகு ஒரு சங்கிலி, அதன் பிறகு பறங்கியர் என்று கதை நடக்கும். ஏ.எல். வகுப்பில் இதைப் படிப்பித்தபோது பின் வாங்கிலில் இருந்த ஒரு பிள்ளை எழும்பிக் கேட்டது: “ரீச்சர், மன்னாரில வேதக்காரரை வெட்டினது 1544. பறங்கியர் சங்கிலியைப் பிடிச்சது 1619. அப்ப சங்கிலி நூறு வருசம் இருந்தவனோ?”

கெட்டிக்காரப் பிள்ளை. சங்கிலி இருவர். முதலாமவன் 1519இல் அரசேறியவன். மன்னாரில் மதம் மாறியவர்களைக் கொன்றவன் அவன். 1560இல் கோவாவின் பறங்கித் தேசாதிபதி கொன்ஸ்தாந்தீனோ த பிரகன்சா பெரும் படையோடு நல்லூருக்கு வந்தபோது எதிர்த்து நின்றவனும் அவனே. இரண்டாமவன் சங்கிலி குமாரன், 1617 முதல் 1619 வரை ஆண்டவன். வைபவமாலை இருவரையும் ஒருவனாக்கிவிட்டது. சங்கிலிகள் இருவரை ஒருவனாக்கிய நூல் பரராசசேகரர்களையும் ஒருவனாக்கியிருக்கும் அல்லவா? அப்படியானால் வைபவமாலையின் “பரராசசேகரன் மருகன்” எதிர்மன்னசிங்கனின் காலத்தவராக இருக்கலாம். 1617இல் குழந்தைக்குக் காவலராக நின்று கொல்லப்பட்ட அரசகேசரியும் அவரும் ஒருவராக இருக்கலாம். நான் அந்தப் பக்கம் சாய்வதற்குக் காரணம் இதுதான். ஒரே குடும்பத்தில், ஒரே தலைமுறையில், இந்தப் பெயரில் இருவரைத் தேடுவதைவிட இது நேரான வழி.

இப்படி ஒரு நூலில் நூறு வருடம் எப்படி மடிந்துபோகும்? இதை யோசித்துக்கொண்டிருந்த நாட்களில்தான் சீன நாட்டு வரலாற்றாசிரியர் ஒருவரைப் பற்றிப் படித்தேன். சியாவ் ட்சூசியன் என்பது அவர் பெயர். பிறந்தது 489 வாக்கில், இறந்தது 537இல். இன்றைய நான்ஜிங் நகரம் அப்போது ஜியான்காங் என்ற தலைநகர். அங்கே 479 முதல் 502 வரை இருபத்துமூன்று வருடம் மட்டும் ஆண்ட தென் ச்சீ என்ற அரச வம்சத்தைத் தொடக்கியவன் சியாவ் தாவ்செங். அவனுடைய பேரன் இவர். தன் பாட்டன் கட்டிய அரசின் வரலாற்றைத் தானே எழுதினார். அறுபது பாகங்களில் ஐம்பத்தொன்பது இன்றும் இருக்கின்றன. ஆயிரத்து ஐந்நூறு வருடமாக!

அவர் உயிர் தப்பிய விதத்தைக் கேட்டால் நல்லூர் ஞாபகம் வரும். பாட்டன் வளர்த்த தாய்தகப்பனில்லாத பெறாமகன் சியாவ் லுவான். பாட்டனும் அவன் மகனும் இறந்த பிறகு, இளம் அரசர்களுக்குத் துணையாக நின்றவன், 494இல் அவர்கள் இருவரையும் நீக்கிக் கொன்று தானே அரியணை ஏறினான். பிறகு பாட்டன் வழியில் வந்த இளவரசர்களை அடுத்தடுத்துக் கொன்று தீர்த்தான். 498இல் ஒரு தளபதி கலகம் செய்தான். ட்சூசியனின் தமையன் ட்சூகேயை அரசனாக்கப் போவதாக அவன் அறிவித்தான். தமையனோ கலகக்காரனோடு சேராமல் ஓடி ஒளிந்தான். அரண்மனையில் சந்தேகம் தலைக்கேறி, பாட்டன் வழிப் பேரன்மார் எல்லாரையும் உள்ளே அழைத்து அடைத்தார்கள். கைக்குழந்தைகள் பால் கொடுக்கும் தாதிமாரோடு வந்தார்கள். அரச வைத்தியர் நஞ்சு காய்ச்சினார். பிணப்பெட்டிகள் பத்துக் கணக்கில் அடுக்கப்பட்டன. மூன்றாம் சாமத்தில் எல்லாரையும் முடித்துவிட வேண்டும் என்பது கட்டளை.

இரண்டாம் சாமத்தில் ட்சூகே நகர வாசலுக்கு ஓடி வந்து, தான் கலகக்காரனோடு சேரவில்லை என்று செய்தி அனுப்பினான். குறித்த வேளை வந்துவிட்டது. அரசன் தூக்கத்தில் இருந்தான். அருகிலிருந்த இரண்டு பணியாளர் தமக்குள் பேசி, காரியத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தார்கள். அரசன் விழித்ததும் ட்சூகே வந்துவிட்டான் என்று சொன்னார்கள். மறுநாள் எல்லாப் பிள்ளைகளும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். அதே வருடம் அரசனும் செத்தான். அந்த இரவின் கதை ட்சூசியன் எழுதிய வரலாற்றிலேயே இருக்கிறது. அவருக்கு அப்போது ஒன்பது வயது அளவில்.

502இல் தூரத்து உறவினனான சியாவ் யான் அரசைக் கைப்பற்றி லியாங் என்ற புது வம்சத்தைத் தொடக்கினான். பாட்டன் வழியில் மிஞ்சியவர்களை அவன் கொல்லாமல் விட்டான். ட்சூகேயை அழைத்து அதற்கான காரணத்தையும் விளக்கினான். வளர்ந்த ட்சூசியன் அந்தப் புது அரசனிடமே, ‘என் குலத்தின் வரலாற்றை எழுத அனுமதி தாருங்கள்’ என்று கேட்டார். கிடைத்தது. எழுதி முடித்துக் கொடுத்ததும் அரண்மனை நூற்களஞ்சியத்தில் வைக்கச் சொன்னார்கள்.

ட்சூசியனின் நூலில் குறை இல்லாமல் இல்லை. முந்திய வம்சத்தின் கடைசிக் குழந்தை அரசனைத் தன் பாட்டன் கொல்வித்த இடத்தில் அவருடைய பேனா மெல்ல ஒதுங்கிப் போகிறது. பாட்டனின் மற்ற மக்களை ஒரு பாகத்துக்குள் சேர்த்து அடக்கியவர், தன் தகப்பன் சியாவ் நிக்கு மட்டும் நூலின் முற்பகுதியில் தனிப் பாகம் ஒதுக்கி, பழைய காலத்துப் பெரும் ஞானியோடு ஒப்பிட்டு மெச்சுகிறார். பிற்காலத்துச் சீன அறிஞர்கள் இதை விடாமல் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். ஆனால் தகப்பன் இறந்தது 492இல், மகன் மழலை மாறாத வயதில். அறியாத தகப்பனைப் பற்றி மற்றவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதிய பிள்ளையின் பக்கங்கள் அவை. வரலாற்று ஆசிரியையாக நான் அதைக் குறை என்று குறிப்பேன். மற்றபடி என்னால் அவரோடு கோபிக்க முடியாது.

ஆள் கர்வி. பதவியில் இருந்த காலத்தில் வருகிறவர்களோடு வாய் திறந்து பேசாமல் கையிலிருந்த விசிறியை ஒரு தரம் அசைத்துவிடுவாராம். இறந்த பிறகு சூட்டும் சிறப்புப் பெயரைத் தீர்மானிக்கும்போது அரசன், ‘செருக்கு’ என்ற பொருள் தரும் பெயரையே கொடுத்தான். இந்தச் செருக்கரின் நூலில் தெற்கத்தைய நாடுகளைப் பற்றியும் செய்தி உண்டு. இன்றைய கம்போடியாப் பக்கத்தில் இருந்த பூனான் நாட்டு அரசன் கௌண்டின்ய செயவர்மன் 484இல் நாகசேனர் என்ற இந்தியத் துறவியைத் தூதாக அனுப்பினான் என்பதை நாங்கள் அதிலிருந்துதான் அறிகிறோம். தன் குடும்பத்துக்காக எழுதியவர் எங்கோ இருந்த நாட்டுக்கும் சாட்சி வைத்துவிட்டுப் போனார்.

இலங்கையிலும் இதற்கு அண்ணளவாக ஒரு காலப் பொருத்தம் இருக்கிறது. மகாவம்சம் எழுதிய மகாநாம தேரர், 473 வாக்கில் மகன் காசியப்பனால் கொல்லப்பட்ட அரசன் தாதுசேனனின் தாய்மாமன் என்று கொள்வோர் உண்டு. அப்படியாயின் அதுவும் அரச குலத்துக் கையெழுத்தே.

இனி எங்களிடம் வருவோம். நல்லூர் அரசு தன்னைப் பற்றி எழுதி வைக்காத அரசு அல்ல. செகராசசேகரம், பரராசசேகரம் என்று அரசர் பெயரிலேயே வைத்திய நூல்கள் எழுந்தன. செகராசசேகரமாலை என்ற சோதிட நூல் இருக்கிறது. வையாபுரி ஐயரின் வையாபாடல், வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் குடியேறியவர்களின் செய்தியைச் சொல்கிறது. முத்துராச கவிராயரின் கைலாயமாலை, நல்லூரின் தென்புறத்தில் கைலாசநாதர் கோயில் எழுந்த கதை. வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், மேற்கே வீரமாகாளி அம்மன் என்று நாலு திக்கிலும் காவல் வைத்த நகரம் அது. இவற்றோடு பரராசசேகரன் உலா என்றும் இராசமுறை என்றும் இரண்டு நூல்கள் இருந்தன. மயில்வாகனப் புலவர் தனக்கு ஆதாரமாக இருந்தவை என்று வையாபாடல் முதலான இந்த நாலையும் பெயர் சொல்கிறார். முதல் இரண்டும் இன்று அச்சில் இருக்கின்றன. உலாவும் இராசமுறையும் இல்லை. பெயரைப் பார்த்தாலே தெரியும், அரசர் வரிசையை முறையாகச் சொன்ன நூல் இராசமுறையாகத்தான் இருந்திருக்கும். எங்களுக்கு வேண்டியிருந்ததே அதுதான்.

மயில்வாகனப் புலவர் வைபவமாலையை எழுதியது 1736இல், ஒல்லாந்த அதிகாரி மேக்கறூன் கேட்டுக்கொண்டதற்காக. இராச்சியம் விழுந்து நூற்றுப் பதினேழு வருடம். பறங்கியர் போய், 1658 முதல் ஒல்லாந்தர் கோட்டையில் இருக்கிறார்கள். அரசர் குடும்பத்தில் இருந்து கேட்டுச் சொல்ல ஒருவரும் இல்லை. கையில் நாலு ஏட்டு நூல், காதில் ஊர்க்கதை. அதில் இருந்து அவர் ஓர் இராச்சியத்தைக் கட்டி எழுப்பினார். எங்கள் ஊர்ப் புலவர் என்பதால் சொல்லவில்லை. அவர் எழுதியிராவிட்டால் நல்லூரை உள்ளிருந்து சொல்லும் குரல் எங்களுக்கு அறவே இருந்திராது. சுவாமி ஞானப்பிரகாசர் 1928இல் யாழ்ப்பாண வைபவ விமர்சனம் எழுதி வைபவமாலையின் பிழைகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வைத்தார். முதலியார் இராசநாயகம் வேறு ஆதாரங்களோடு வேறு முடிபுகளுக்கு வந்தார். இருவருக்கும் இடையில் பெரிய வாதம் நடந்தது. ஆனால் இருவருமே கையில் வைத்துக்கொண்டு வாதாடியது மாதகல் புலவரின் நூலைத்தான்.

வைபவமாலையில் எனக்குப் பிடித்த மனிதன் பரநிருபசிங்கன். பரராசசேகரனின் மகன், வைத்தியம் தெரிந்தவன். கண்டி அரசனின் தேவிக்கு வயிற்று நோய் வர, அதைத் தீர்க்கக் கண்டிக்குப் போகிறான். அவன் இல்லாத நேரம் பார்த்துச் சங்கிலி முடியைப் பிடிக்கிறான். தமையன் ஒருவன் நஞ்சால் சாகிறான், இன்னொருவன் வெட்டுப்பட்டுச் சாகிறான். கதை எந்தச் சங்கிலிக்கு உரியது என்று கேட்டால் கைவிரிக்க வேண்டியதுதான். ஆனால் அரண்மனைக்குள் உறவினரே உறவினரைக் கொன்றார்கள் என்ற ஞாபகம் மட்டும் நூற்றுப் பதினேழு வருடம் ஊருக்குள் அழியாமல் இருந்திருக்கிறது. பெயர்கள் இடம் மாறின. இரத்தம் இடம் மாறவில்லை.

அரசகேசரியின் கொலையை எங்களுக்குச் சொன்னவர் மயில்வாகனப் புலவர் அல்ல. பெர்னாவோ த குவேறோஸ் என்ற பறங்கி யேசுசபைத் துறவி. இலங்கைக்கு அவர் வந்ததே இல்லை. கோவாவில் இருந்து, போர்வீரர்களிடமும் குருமாரிடமும் கேட்டு, பழைய கடிதங்களையும் குறிப்புகளையும் சேர்த்து, 1687 அளவில் பெரியதொரு நூலை முடித்தார். அடுத்த வருடம் இறந்தார். அந்த நூலின் கையெழுத்துப் படி பிரேசில் நாட்டு றியோ நகரத்துக்குப் போய், 1916இல்தான் கொழும்பில் அச்சேறியது, 1930இல் எஸ்.ஜி. பெரேரா சுவாமி அதை ஆங்கிலத்தில் தந்தார். நல்லூரில் நடந்த கொலை, கோவாவில் எழுத்தாகி, பிரேசிலில் கிடந்து, கொழும்புக்குத் திரும்பி வந்தது. இலங்கையை இழந்த தன் நாட்டவருக்கு, ஏன் இழந்தோம் என்று சொல்வதற்காக எழுதிய நூல் அது. எங்கள் அரசர் அதில் எதிரிகளாகவும் நன்றி கெட்டவர்களாகவும் வருகிறார்கள். இருந்தும் வருடம், பெயர், படை நடந்த வழி எல்லாம் அதிலே இருக்கிறது. வைபவமாலையில் மனம் இருக்கிறது, வருடம் இல்லை. குவேறோஸிடம் வருடம் இருக்கிறது, எங்கள் மேல் மனம் இல்லை. இரண்டையும் பக்கத்தில் வைத்துத்தான் படிக்க வேண்டியிருக்கிறது.

எதிர்மன்னசிங்கன் அரசனான கதையையும் குவேறோஸ் சொல்கிறார். 1591இல் பறங்கித் தளபதி அந்திரே பூர்த்தாதோ த மெந்தொன்சா நல்லூரைப் பிடித்து அரசனைக் கொன்ற போரில், காயப்பட்டு விழுந்து கிடந்த எதிர்மன்னசிங்கனைச் சிமாவோ பிஞ்ஞாவோ என்ற பறங்கி வீரன் காப்பாற்றினான். பிறகு பறங்கியரே அவனை அரியணையில் இருத்தினார்கள். அப்படி உயிரும் முடியும் பறங்கியரிடம் பெற்ற அரசன், கண்டியோடும் உறவு வைத்து, இருபத்தாறு வருடம் பிழைத்தான். அந்த அரண்மனையில் இருந்துகொண்டுதான் அரசகேசரி இரகுவின் திக்குவிசயத்தைப் பாடினார் என்று நான் நம்புகிறேன். நாலு திசையும் வென்று, வென்றதெல்லாம் வேள்வியில் கொடுத்துவிட்டு மண்பாத்திரத்தோடு நின்ற அரசனின் கதை அது. கப்பம் கட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கு அதைப் பாடும்போது என்ன தோன்றியிருக்கும்? தன் வீட்டு வரலாற்றை எழுத முடியாதபோது சூரிய குலத்தின் வரலாற்றை எழுதினாரா? நூலில் இதற்கு நேரான விடை இல்லை. கவிஞர் தன் காலத்தைப் பற்றி வாய் திறப்பதில்லை. காளிதாசனின் மூல நூல் முடிகிற இடத்தை மட்டும் சொல்கிறேன். கடைசி அரசன் அக்கினிவர்ணன் நோயில் சாகிறான். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும் அரசியை மந்திரிமார் அரியணையில் இருத்துகிறார்கள். பிறக்காத குழந்தைக்காக ஆட்சி நடக்கிறது. அங்கே காவியம் நிற்கிறது. இதைப் படித்த கவிஞர் ஒருவரே பின்னாளில் ஒரு குழந்தை அரசனுக்குக் காவலாக நின்றார் என்பதைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். சங்கிலி குமாரனுக்கு எதிராக உள்ளூரில் கலகம் எழும்பியது. அவன் தஞ்சாவூர் இரகுநாத நாயக்கனின் உதவியை நாடினான். நாயக்கன் அனுப்பிய வருணகுலத்தான் படையோடு வந்தான். 1619இல் பறங்கித் தளபதி பிலிப் த ஒலிவேரா வந்து சங்கிலியைப் பிடித்தான். சங்கிலி கோவாவுக்கு அனுப்பப்பட்டு, அங்கே மதம் மாறி, 1623இல் மரண தண்டனைக்கு உள்ளானான். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அரச குடும்பத்தில் மிஞ்சிய பிள்ளைகளையும் பெண்களையும் கோவாவுக்குக் கொண்டுபோனார்கள். அவர்கள் துறவு மடங்களில் சேர்க்கப்பட்டார்கள். ஆண்கள் சாமிமாராகவும் பெண்கள் கன்னியாஸ்திரிகளாகவும் ஆனார்கள். துறவிக்குப் பிள்ளை இல்லை, பிள்ளை இல்லையென்றால் முடி கேட்க ஆளில்லை. வாளைவிடச் சுத்தமான முறை.

ட்சூசியனுக்கும் அரசகேசரிக்கும் உள்ள வேறுபாடு அறிவில் இல்லை. இருவரும் அரச குலம், இருவரும் நூல் வல்லவர், இருவர் வீட்டிலும் உறவினனே கொலைகாரன். ஒருவர் வீட்டில் அரசன் தூங்கிப்போனான், பணியாளர் இருவர் கொஞ்சம் பொறுத்தார்கள், பிள்ளைகள் தப்பினார்கள். பிறகு வந்த அரசன் அதே மொழி பேசியவன், அதே குலத்தவன், பழைய அரண்மனை ஏடுகளைப் படிக்கத் தெரிந்தவன். நல்லூரில் ஒருவரும் பொறுக்கவில்லை. பிறகு வந்தவர்களுக்கு எங்கள் ஏடு எழுத்தும் தெரியாது, வேண்டியும் இருக்கவில்லை. வரலாறு எழுத ஆர்வம் இல்லாத சனம் என்று யாழ்ப்பாணத்தாரைச் சிலர் பேசும்போது எனக்கு மனம் பொறுக்காது. எழுதக்கூடியவர்களைக் கொன்றார்கள், மிஞ்சியவர்களைக் கோவா மடங்களில் அடைத்தார்கள். பிறகு எவர் எழுதுவது?

இராசமுறை விஷயத்தில் எனக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது. பறங்கியர் காலத்தில் அழிந்த ஏடுகளில் ஒன்றாக அது இருக்க முடியாது. 1736இல் மயில்வாகனப் புலவர் அதைப் பயன்படுத்தினார் என்றால், இராச்சியம் விழுந்த பிறகும் நூற்றுப் பதினேழு வருடம் அது ஏதோ ஒரு வீட்டில் இருந்திருக்கிறது. பறங்கியர் காலத்தையும் ஒல்லாந்தர் காலத்தின் முதற்பாதியையும் தாண்டிய ஏடு அது. அதன் பிறகுதான் எங்கோ கை தவறியது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது சுமார் 97,000 நூல்களோடு ஏட்டுச்சுவடிகளும் போயின. 1995 ஐப்பசியில் வலிகாமம் முழுவதும் எழும்பி ஓடியபோது எவரும் ஏட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடவில்லை. பிள்ளையையும் அரிசியையும் தூக்கினோம். மாதகலில் என் தகப்பன் வீட்டுப் பரணில் கிடந்த பெட்டியும் அப்படித்தான் போனது. அதற்குள் என்ன இருந்தது என்று அப்பாவிடம் கேட்டால் “வைத்திய வாகடம் பிள்ளை” என்று மட்டும் சொல்வார்.

அந்தப் பதிலைத்தான் இன்று ஏடு வைத்திருக்கிற வீட்டாரும் சொல்கிறார்கள்: வைத்தியம், சோதிடம், மாந்திரீகம், தொடக்கூடாது. இன்னும் ஏடு இருக்கிற வீடுகள் வடமராட்சியிலும் தீவுப் பக்கத்திலும் உண்டு. அவற்றை வைத்திருப்பவர்களிடம் கேட்கிறேன். எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவிப் பூச்சி அரிக்காமல் பாருங்கள். யாழ்ப்பாணப் பல்கலைக்கழக நூலகத்திடமோ நூலக நிறுவனத்திடமோ சொன்னால் படம் எடுத்துப் பாதுகாக்க வழி சொல்வார்கள். ஏடு உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். முதல் ஏட்டில் மருந்துச் செய்யுளைக் கண்டவுடன் கட்டை மூடிவிடாதீர்கள். பழைய ஆட்கள் அளவு ஒத்த ஏடுகளை நூல் வேறுபாடு பாராமல் ஒரே சட்டத்துக்குள் கோத்து வைப்பார்கள். கயிற்றை அவிழ்த்துக் கடைசி ஏடுவரை வாசித்துப் பாருங்கள்.